பதில் வரும் இடம்

(மனநலமும் இணையக் குழுக்களும் என்னும் பொருளில் நூலக அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனநலம் பற்றிப் பேச எந்த ஊருக்குப் போனாலும், கூட்டம் முடிந்து படியிறங்கும்போது யாராவது ஒரு தாய் என்னை ஓரமாக அழைத்துக் கேட்கிறார்: "ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனும் கையுமா இருக்கான் சார். கேட்டா, குரூப்ல பேசிட்டிருக்கேன்கிறான். இதனால அவன் மனசு கெட்டுடுமா?" இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. நான் அவரிடம் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "அங்கே அவனுக்கு யாராவது பதில் எழுதுகிறார்களா? அவன் யாருக்காவது பதில் எழுதுகிறானா?"

எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்று கேட்பேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நேரமும் முக்கியம்தான். தூக்கம் கெட்டால் மனமும் கெடும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த மணிகளில் அவனோடு மனிதர்கள் இருந்தார்களா என்பது அதைவிட முக்கியம். எழுதினால் பதில் வருகிற இடத்தில் மனம் தேறுகிறது. பதிலே வராமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அது தேய்கிறது. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று உங்கள்முன் விரித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

பிட்ஸ்பர்க் நகரத்து வீடுகள்

இணையம் வீடுகளுக்குள் நுழைந்த நாளிலேயே இந்தக் கவலையும் கூடவே நுழைந்துவிட்டது. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிரவுட்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். வீடுகளுக்குக் கணினியும் தொலைபேசி இணைப்பும் கொடுத்து, என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேரை, அவர்கள் இணையத்துக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் தொடர்ந்து கவனித்தார்கள்.

1998-இல் முடிவு வெளிவந்தது. இணையத்தில் அதிகம் புழங்கியவர்கள் வீட்டாரோடு பேசுவது சற்றுக் குறைந்திருந்தது. பழக்க வட்டம் சற்றுச் சுருங்கியிருந்தது. தனிமையுணர்வும் மனச்சோர்வும் சற்றுக் கூடியிருந்தன. மனிதர்களோடு பேசுவதற்காகவே அவர்கள் அதை அதிகம் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படியிருந்தும் இந்த விளைவு. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக வெளியிட்டன. இணையம் மனத்தைக் கெடுக்கும் என்ற எண்ணம் பலருக்கு அன்றே பதிந்துவிட்டது.

அதன் அடுத்த அத்தியாயம் அவ்வளவு பேரைச் சென்றடையவில்லை. கிரவுட் அதே குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தார். தம் முதல் முடிவைத் தாமே மறுபரிசோதனை செய்து 2002-இல் வெளியிட்டார். முன்பு கண்ட தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. புதிதாக வேறொரு குழுவினரையும் ஆராய்ந்தார். அவர்களுக்கு இணையத்தால் பொதுவாக நன்மையே விளைந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரேபோல் அல்ல. கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்கும் ஏற்கெனவே நாலு பேர் துணை இருந்தவர்களுக்கும் பலன் அதிகம். ஒதுங்கிப் பழகுகிற சுபாவம் உள்ளவர்களுக்குத் தனிமை கூடியிருந்தது.

இடையில் என்ன மாறியது? 1995-இல் ஒருவர் இணையத்துக்குள் போனால் அவருடைய அத்தையோ பள்ளித் தோழனோ அங்கே இல்லை. சில ஆண்டுகளில் அவர்கள் எல்லோரும் அங்கே வந்துவிட்டார்கள். எழுதினால் பதில் போட, தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

இதே கிரவுட், மொய்ரா பர்க் என்பவரோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஃபேஸ்புக் பயன்படுத்தும் சுமார் 1,900 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். நெருங்கியவர் ஒருவர் நமக்கென்றே நாலு வரி உட்கார்ந்து எழுதினால், நம் மனநிலை மேம்படுகிறது. ஊருக்கெல்லாம் போட்ட பதிவைப் படிப்பதிலும், விரலால் தட்டிவிட்டுப் போகும் லைக்கிலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செயலி ஒன்றுதான், மனிதர்களும் அவர்களேதான். உட்கார்ந்து எழுதினார்களா, தட்டிவிட்டுப் போனார்களா என்பதில்தான் வேறுபாடு.

பந்து வராதபோது

பதில் வராவிட்டால் மனத்துக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்ப்போம்.

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு நாள் பூங்காவில் தம் நாயோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் விளையாடிக்கொண்டிருந்த ஃபிரிஸ்பி தட்டு அவர் அருகே வந்து விழுந்தது. எடுத்து அவர்களிடம் வீசினார். அவர்கள் மறுபடி அவரிடம் வீசினார்கள். மூவருமாகக் கொஞ்ச நேரம் ஆடினார்கள். பிறகு, காரணம் ஏதும் சொல்லாமல், அவர்கள் தங்களுக்குள் மட்டும் வீசிக்கொள்ளத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர். இரண்டு நிமிட விளையாட்டு. அதற்கே தமக்கு அவ்வளவு வலித்தது அவரைத் திகைக்க வைத்தது.

அதையே அவர் கணினி விளையாட்டாக்கினார். திரையில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவார்கள். ஒருவர் நீங்கள்; மற்ற இருவரும் உங்களைப் போன்ற மனிதர்கள் என்று சொல்லப்படும். உண்மையில் அவர்களை இயக்குவது கணினி. சிறிது நேரத்தில் உங்களுக்குப் பந்து வருவது நின்றுவிடும். 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் பங்கெடுத்த அந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. எவ்வளவு அதிகமாக ஒதுக்கப்பட்டார்களோ அவ்வளவு அதிகமாக மனம் நொந்தார்கள். 2004-இல் இன்னும் ஒருபடி மேலே போய், "நீங்கள் ஆடுவது வெறும் கணினியோடுதான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டும் பார்த்தார்கள். அப்போதும் வலித்தது.

நம் பிள்ளைகள் பதில் வராமல் ப்ளூ டிக் மட்டும் பார்த்துவிட்டு முகம் வாடி உட்காரும்போது, "இதுக்கெல்லாம் போய் வருத்தப்படுவாங்களா?" என்று கடிந்துகொள்கிறோம். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். கூட்டமாக வாழ்ந்தே பிழைத்த இனம் நாம். ஒதுக்கப்படுகிறோம் என்ற அறிகுறி தெரிந்தவுடன் நம் மனம் அலறுகிறது. அதில் சின்னப்பிள்ளைத்தனம் எதுவும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இணையக் குழுக்களுக்குப் புதிதாக வந்து முதல்முறை எழுதுகிறவர்களை 2006-இல் ஓர் ஆய்வு கவனித்தது. யாராவது ஒருவர் பதில் போட்டிருந்தால், அந்தப் புதியவர் மீண்டும் எழுத வருவது கூடியிருந்தது. பதில் இனிமையாக இருந்ததா, விவரமாக இருந்ததா என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. பதில் என்று ஒன்று வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இரவு இரண்டு மணிக்கு

இந்தக் குழுக்கள் யாருக்கு மிகவும் தேவைப்படுகின்றன? 2000-ஆம் ஆண்டு டேவிசன், பென்னிபேக்கர், டிக்கர்சன் என்ற மூவர் 20 வகை நோய்களை எடுத்துக்கொண்டு, எந்த நோயாளிகள் ஆதரவுக் குழுக்களை அதிகம் தேடிப் போகிறார்கள் என்று நான்கு அமெரிக்க நகரங்களிலும் இணையத்திலும் பார்த்தார்கள். உயிருக்கு அதிக ஆபத்தான நோய் உள்ளவர்கள்தான் போவார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் இதய நோயாளிகள் அவ்வளவாகப் போகவில்லை. எய்ட்ஸ், குடிநோய், மார்பகப் புற்றுநோய் போன்றவற்றால் துன்பப்பட்டவர்களே அதிகம் போனார்கள். வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய்கள், ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும் நோய்கள்.

நம் ஊரில் இந்தப் பட்டியல் இன்னும் நீளும். வலிப்பு வரும் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அதை யாரிடம் சொல்வார்கள்? வெண்புள்ளி, காசநோய், குழந்தையின்மை, மனச்சிதைவு. தெருவில் நூறு வீடு இருந்தும் வாய்திறந்து பேச ஒரு வீடு இல்லாதவர்கள் இவர்கள். தன்னைப் போன்ற இன்னொருவரை இவர்கள் பேருந்தில் பார்த்தால்கூட அடையாளம் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள இணையம் இடம் கொடுத்தது.

நான் அறிந்த ஒரு வாட்ஸ்அப் குழு, டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தைகளின் பெற்றோர்களுடையது. அந்தக் குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசி வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆபத்து. பெற்றோர்கள் அதை 'லோ' என்பார்கள். ஓர் இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய் எழுதினார்: "பாப்பாவுக்கு லோ. 58 காட்டுது. தூக்கத்துல இருக்கா, எழுப்பட்டுமா?" இரண்டு நிமிடத்தில், வேறு ஊரிலிருக்கும் ஒரு தகப்பன் எழுதினார்: "எழுப்புங்கம்மா. நல்லா உட்கார வெச்சு, சர்க்கரையைத் தண்ணில கலந்து குடிக்க வைங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாருங்க. நான் முழிச்சுட்டுதான் இருக்கேன்." கால் மணி நேரம் கழித்து அந்தத் தாய் எழுதியது ஓர் எண் மட்டும்: "84." பாலும் பிஸ்கட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டு அந்தத் தகப்பன் தூங்கப் போனார்.

அவர் சொன்ன வைத்தியம் புதிதல்ல. மருத்துவமனையில் ஏற்கெனவே அந்தத் தாய்க்குக் கற்றுக்கொடுத்ததுதான். அது அவருக்குத் தெரியும். ஆனால் வீடே உறங்கும் நேரத்தில், கை நடுங்கிக்கொண்டிருந்தபோது, "நான் முழிச்சுட்டுதான் இருக்கேன்" என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஒரு வரியை எந்த மருத்துவக் கையேடும் தர முடியாது.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1985-இல் கலிபோர்னியாவில் 'தி வெல்' என்ற கணினிக் குழு தொடங்கியது. அதில் உறுப்பினராக இருந்த ஹோவர்டு ரைன்கோல்டின் இரண்டு வயது மகளின் தலையில் ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டது. மனைவி குழந்தை மருத்துவருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ரைன்கோல்டு, குழுவின் பெற்றோர் பகுதியில் கேள்வியைப் போட்டார். அங்கிருந்த ஒரு மருத்துவர் சில நிமிடங்களில் வழி சொன்னார். குழந்தை மருத்துவரிடமிருந்து அழைப்பு வருவதற்குள் உண்ணியை எடுத்தாகிவிட்டது. 1993-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இந்த நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். கணினி வழியே வாழ்கிற சமூகங்களைப் பற்றிய முதல் நூல்களில் அது ஒன்று.

படிப்பவரும் எழுதுபவரும்

இங்கே ஒரு கேள்வி வரும். "நான் குரூப்பில் இருக்கிறேன், ஆனால் எழுதுவதில்லை, சைலண்ட் ரீடர். எனக்குப் பலன் இல்லையா?" இருக்கிறது. நெதர்லாந்தில் மார்பகப் புற்றுநோய், மூட்டுவாதம், ஃபைப்ரோமயால்ஜியா என்னும் தசைவலி நோய் ஆகியவற்றால் துன்பப்பட்டவர்களின் இணையக் குழுக்களை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதாமல் படிப்பவர்களும் தகவல், தன்னம்பிக்கை, மருத்துவரிடம் கேள்வி கேட்கும் துணிவு ஆகியவற்றை எழுதுகிறவர்கள் அளவுக்கே பெற்றிருந்தார்கள். ஒன்றில் மட்டும் பின்தங்கியிருந்தார்கள்: துணையுணர்வு. எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த நட்பும் நெருக்கமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1998-இல் மெக்கென்னா, பார்க் என்ற இரு உளவியலாளர்கள், வெளியே மறைத்து வைத்த அடையாளம் உடையவர்களை ஆராய்ந்தபோதும் இதையே கண்டார்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர். இணையக் குழுவில் முனைந்து எழுதியவர்கள் தங்களைத் தாங்களே ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்தத் துணிவோடு பலர் வீட்டாரிடமும் நண்பர்களிடமும் முதல்முறையாக உண்மையைச் சொன்னார்கள். வெறுமனே படித்தவர்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. முகம் தெரியாதவர்களிடம் பேசிப் பழகியது, முகம் தெரிந்தவர்களிடம் பேசும் வலிமையைக் கொடுத்தது. இணையத்தில் பேசுவதால் வீட்டில் பேச்சு குறையும் என்று மட்டுமே அஞ்சுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஓஸ்லோவின் மாட்ஸ் ஸ்டீன்

இனி ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் 1989-இல் பிறந்தவர் மாட்ஸ் ஸ்டீன். டியூஷென் என்னும் தசைச்சிதைவு நோய் அவருக்கு இருந்தது. நாளாக நாளாக உடலின் ஒவ்வொரு தசையும் வலுவிழக்கும். சிறு வயதிலேயே சக்கர நாற்காலி. வளர வளர விரல்களில் மட்டும் கொஞ்சம் அசைவு மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் நாள் முழுக்க இருந்தார். தாயும் தகப்பனும் வருந்தினார்கள். நோயாளியான மகனுக்கு நட்பும் காதலும் இல்லாமல், பிறருக்குப் பயன்படும் வாய்ப்பும் இல்லாமல் வாழ்க்கை கழிகிறதே என்பது அவர்கள் துயரம்.

2014 நவம்பரில், 25 வயதில், மாட்ஸ் இறந்தார். அவருடைய வலைப்பக்கத்தின் கடவுச்சொல் தந்தை ராபர்ட்டிடம் இருந்தது. மகன் மறைந்த செய்தியை அதில் எழுதி, தொடர்புகொள்ளத் தம் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார். யாராவது எழுதுவார்கள் என்று அவர் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வந்துகொண்டே இருந்தன, பல நாடுகளிலிருந்து, நீண்ட நீண்ட கடிதங்களாக.

விளையாட்டுக்குள் 'ஸ்டார்லைட்' என்று ஒரு குழு. அதில் மாட்ஸின் பெயர் ஐபெலின். அங்கே அவர் ஓடினார், நடந்தார், நண்பர்களின் துயரங்களைப் பொறுமையாகக் கேட்டார். நெதர்லாந்திலிருந்த ஒரு பெண்ணின் கணினியை அவளுடைய பெற்றோர் பறித்துக்கொண்டபோது, அவள் நிலைமையை விளக்கி அந்தப் பெற்றோருக்கே கடிதம் எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனோடு நெருங்க முடியாமல் தவித்த டென்மார்க் தாய் ஒருவருக்கு, விளையாட்டின் வழியே மகனை நெருங்க வழிகாட்டினார். தம் நோயைப் பல ஆண்டுகள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. உடல் மோசமான காலத்தில் நண்பர்களிடம் கோபப்பட்டிருக்கிறார், அவர்களை விலக்கியிருக்கிறார். அவர்கள் நேருக்கு நேர் கேட்டிருக்கிறார்கள்; இவர் வருத்தம் தெரிவித்திருக்கிறார். உண்மையான உறவில் நடப்பதெல்லாம் அங்கே நடந்திருக்கிறது.

ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து அந்தக் குழுவினர் சிலர் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். தாங்கள் அதுவரை முகம் பார்த்திராத நண்பனுக்காக வந்தார்கள். குழுவில் பதிவாகியிருந்த உரையாடல்கள் மட்டும் 42,000 பக்கங்கள். அவற்றைக் கொண்டு பெஞ்சமின் ரீ என்ற இயக்குநர் உருவாக்கிய ஆவணப்படம் 2024-இல் வெளிவந்தது.

மாட்ஸின் பெற்றோர் அன்பில் குறை வைக்காதவர்கள். ஆனால் அவர்கள் மகனின் முதுகையும் அவன் முன்னிருந்த திரையையும்தான் பார்த்தார்கள். திரையின் அந்தப் பக்கம் இருந்த மனிதர்கள் அவர்கள் கண்ணில் படவில்லை. பெற்றோர்களே, பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்குவதற்கு முன்னால், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். விசாரணை போலக் கேட்காதீர்கள். அவனுடைய பள்ளித் தோழனைப் பற்றி விசாரிப்பீர்களே, அந்த அக்கறையோடு கேளுங்கள்.

யாருமே இல்லாத இடம்

மாட்ஸின் கதையை மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கினால் அது பொறுப்பாகாது.

2017 நவம்பரில், லண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். 2022-இல் நடந்த மரண விசாரணையில் அவளுடைய கடைசி ஆறு மாதங்களின் இணையப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்த, பகிர்ந்த, லைக் போட்ட பதிவுகள் 16,300. அவற்றில் 2,100 மனச்சோர்வு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலை ஆகியவை பற்றியவை. அவள் தேடாமலே பலவற்றை அந்தச் செயலியின் பரிந்துரை இயந்திரமே எடுத்து நீட்டியிருந்தது. அவள் சாவில் அந்தப் பதிவுகளுக்கும் மிகச் சிறிதென்று தள்ள முடியாத பங்கு உண்டு என்று விசாரணை அதிகாரி முடிவுசெய்தார். அவளுடைய குரல் வெற்றிடத்தில் போய் விழுந்ததை எண்ணி அவள் தந்தை மனம் உடைந்தார்.

மாட்ஸ், இந்தச் சிறுமி இருவருமே நாள்தோறும் திரைமுன் இருந்தவர்கள். மாட்ஸ் எழுதினால் ஸ்டார்லைட்டில் முப்பது பேரில் ஒருவராவது பதில் போட்டார். அந்தச் சிறுமிக்குப் படங்களும் வாசகங்களும் வந்துகொண்டே இருந்தன, அவளைப் பெயர் சொல்லி அழைத்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. நண்பர் குழுவையும் இந்த ஊட்டித் தள்ளும் இயந்திரத்தையும் 'சோஷியல் மீடியா' என்ற ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருக்கும் வரை, நம் பிள்ளைகளை எதிலிருந்து காப்பாற்றுவது, எதில் விடுவது என்று நமக்கே தெளிவு வராது.

மனிதர்கள் இருக்கும் குழுக்களிலும் ஆபத்து உண்டு. முகம் தெரியாத இடத்தில் மனிதனின் கூச்சம் கழன்றுவிடுகிறது என்று ஜான் சுலர் என்ற உளவியலாளர் 2004-இல் விளக்கினார். கூச்சம் கழன்றதால்தான் ஒருவர் ஆண்டுக்கணக்கில் மறைத்த துயரத்தைக் கொட்டுகிறார். அதே கூச்சம் கழன்றதால்தான் இன்னொருவர் வாயில் வந்தபடி ஏசுகிறார். கட்டுப்படுத்த ஆள் இல்லையென்றால் இரண்டாவது, முதலாவதை விரட்டிவிடும்.

அன்பான குழுக்களிலும் ஒரு சிக்கல் எழும். உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-இல் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தபோது, ஒரே வேதனையைத் திரும்பத் திரும்ப இருவருமாகப் பேசிக்கொண்டேயிருக்கும் நட்புகளைக் கவனித்தார். அவற்றில் நெருக்கம் கூடியது. மனச்சோர்வும் சேர்ந்து கூடியது. காலையில் கண்ணீர், இரவில் கண்ணீர், இடையில் வேறு பேச்சே இல்லை என்று இருக்கும் குழுவிலும் இது நடக்கலாம். துயரத்தைக் கேட்கவும் வேண்டும், "சாப்பிட்டியா? டாக்டரைப் பாத்தியா? நாளைக்கு என்ன செய்யப் போற?" என்று அடுத்த அடிக்கு அழைத்துப் போகவும் வேண்டும்.

நல்ல குழுவுக்கு என்ன வேண்டும்?

நான் சொன்ன அந்தப் பெற்றோர் குழுவுக்கே திரும்பி வருகிறேன். அது தானாக நல்ல குழுவாகிவிடவில்லை. அதன் அட்மின் இரு குழந்தைகளின் தாய். குழுவின் அறிமுகப் பகுதியில் சில விதிகளை எழுதி வைத்திருக்கிறார். குட் மார்னிங் படமும் அரசியல் ஃபார்வர்டும் கூடாது. இன்சுலின் அளவை மாற்றச் சொல்லி யாரும் யாருக்கும் எழுதக் கூடாது. அது டாக்டர் சொல்ல வேண்டியது. குழந்தை மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். யாருடைய குழந்தையின் படமும் குழுவைவிட்டு வெளியே போகக் கூடாது. இவற்றுக்கு மேல் அவர் தினமும் ஒரு வேலை செய்கிறார். படுக்கப் போகும்முன், அன்று வந்த செய்திகளை மேலிருந்து கீழ்வரை பார்த்து, எந்தக் கேள்விக்காவது பதில் வராமல் இருக்கிறதா என்று தேடுகிறார். இருந்தால், விவரம் தெரிந்த ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, பதில் போடச் சொல்கிறார். சம்பளமில்லாத அந்த வேலையில் ஒரு குழுவின் நலமே அடங்கியிருக்கிறது. அட்மின்களும் களைத்துப் போவார்கள். அந்தப் பொறுப்பை இரண்டு மூன்று பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது நல்லது.

நட்பு செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருடைய எழுத்திலாவது தெரிந்தால், குழுவில் விவாதிக்காதீர்கள். உடனே போன் போட்டுப் பேசுங்கள், வீட்டாருக்குத் தெரிவியுங்கள், பயிற்சி பெற்றவர்களிடம் இணைத்துவிடுங்கள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா இருக்கிறது. தமிழக அரசின் 104 உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கொடுப்பவருக்கும் கிடைப்பது

பதில் பெறுகிறவருக்கு வரும் நன்மையைச் சொன்னேன். பதில் தருகிறவருக்கும் அது வருகிறது.

1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பில் வில்சன் என்பவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கைகூடவில்லை. எதிரே மதுக்கூடம். உள்ளே போய்விடுவோமோ என்ற பயத்தில் தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசி, குடியோடு போராடும் இன்னொருவரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார். அப்படிச் சந்தித்தவர் டாக்டர் பாப் ஸ்மித். வில்சன் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவே அவருக்கு உதவப் போனார். உலகம் முழுக்கப் பரவிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அந்தச் சந்திப்பில் பிறந்தது. உதவி செய்கிறவரே முதலில் குணமாகிறார் என்ற இந்த உண்மையை 1965-இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக உளவியலாளர் ஒரு கோட்பாடாகவே வகுத்துச் சொன்னார். இரவு இரண்டு மணிக்குப் பதில் எழுதிய அந்தத் தகப்பனும் அந்த நேரத்தில் தனியாக விழித்திருந்தவர்தான். அவருக்கும் அன்று ஒரு துணை கிடைத்தது.

சேர்ந்து ஒரு வேலையைச் செய்வதும் இப்படித்தான். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி, இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். சொந்த மண்ணைவிட்டுத் தொலைவில் இருந்தவருக்கு, தாம் தட்டச்சு செய்த பக்கத்தை இன்னொருவர் திருத்தி அனுப்பும்போது தமிழும் கிடைத்தது, தோழமையும் கிடைத்தது.

நண்பர்களே, 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகச் சொன்னது. இந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு மருத்துவர்கள் நம்மிடம் இல்லை; ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடவும் மாட்டார்கள். அரசு அதற்கான வேலையைச் செய்ய வேண்டும். நாம் விடாமல் கேட்க வேண்டும். பிள்ளைகள் முன் துயரத்தைக் குவித்துக் காசு பார்க்கும் நிறுவனங்களைச் சட்டம் கட்டுப்படுத்த வேண்டும். அதையும் கேட்க வேண்டும்.

ஆனால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரு மனிதனுக்குத் தேவைப்படும் துணையை மருத்துவர் தர முடியாது. அதை நம்மால் தர முடியும். உங்கள் கல்லூரித் தோழர்கள் குழுவில், உறவினர் குழுவில், குடியிருப்போர் குழுவில் ஒருவர் எழுதிய வரிக்கு யாரும் பதில் போடாமல் இருந்தால், அதை உங்களுக்கே வந்த கடிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடாதீர்கள். அவர் பெயரை எழுதி, அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பேசாமல் இருப்பவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். மாணவர்களே, உங்கள் குழுவிலுள்ள ஒருவனை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குழு தொடங்காதீர்கள். அந்த வலியின் அளவை இப்போது நீங்கள் அறிவீர்கள். அட்மின்களாக இருப்பவர்களே, நீங்கள் செய்வது மனநலப் பணி. அந்த மதிப்போடு செய்யுங்கள். பதில் எழுத ஆகும் நேரம் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை ஒருவருக்கொருவர் கொடுக்கிற சமூகமாக நாம் இருந்தால், இணையம் நம்மைத் தனிமைப்படுத்தாது.